புதுப்பிப்பு: பெயின்டர் அண்ணனுக்கு இடைக்காலத் தடை கிடைத்துவிட்டது

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து அகதிகள் முகாமில் இருக்கும் பெயின்டர் அண்ணனை இலங்கைக்குத் திருப்பி அனுப்பப் போவதாக நோட்டீஸ் வந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். நேற்று உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்துவிட்டது. வழக்கு முடியவில்லை, மூச்சுவிட நேரம் கிடைத்திருக்கிறது.

"குடிமகனே இல்லை, என்ன உரிமை?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, சரி. ஆனால் நம் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு குடிமகனுக்கு மட்டுமல்ல, எல்லா மனிதரின் உயிருக்கும் காவல். 1996இல், இன்றைய வங்கதேசப் பகுதியிலிருந்து வந்த சக்மா இன அகதிகளின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. வக்கீல் அக்காவும் அந்தத் தீர்ப்பைத்தான் காட்டினார்.

அண்ணனின் பயம் வெறும் பயமில்லை. 2008இல் வவுனியாவில் அவர் தம்பியைப் பிடித்துப் போனார்கள், திரும்பவே இல்லை. தம்பியின் அடையாள அட்டை நகலைப் பால் கவரில் சுற்றிச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். மடித்து மடித்து முகம் இருந்த இடம் வெளுத்துவிட்டது. "அங்க இறங்கினா முதல்ல இவனைப் பத்தித்தான் கேப்பினம், தம்பி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மஞ்சக்குப்பத்தில் அவர் சுண்ணாம்பு அடித்த வீடுகள் நிறைய. அவரைத் தெரியும் என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். ஞாயிறு காலை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.