புது ரெப்போவில் முதலில் எந்த செட்டிங்ஸைச் சரிசெய்வது?

கேள்வி:
மூன்று பேர் வேலை செய்யும் ப்ராஜெக்ட். கிட்ஹப் (கோட் சேமிக்கும் தளம்) இலவசத் திட்டத்தில் பிரைவேட் ரெப்போ (ப்ராஜெக்ட்டின் கோடும் மாற்ற வரலாறும் இருக்கும் இடம்). இருவர் விண்டோஸ், ஒருவர் லினக்ஸ். ஒரு வரியைத் திருத்தினாலும் டிஃபில் (பழையதையும் புதியதையும் ஒப்பிடும் காட்சியில்) முழு ஃபைலும் மாறியதாகக் காட்டுகிறது. பாஸ்வேர்டு போன்றவை உள்ள டாட் என்வ் ஃபைலை, கிட் விட்டுவிட வேண்டியவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் சேர்த்த பிறகும் கமிட்டில் (சேமித்த மாற்றத்தொகுப்பில்) வருகிறது. மெயின் பிராஞ்சில் (முதன்மைக் கிளையில்) யாரும் நேரடியாகப் புஷ் செய்யக் (மாற்றங்களை ஏற்றக்) கூடாது. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
வரி முடிவிலிருந்து தொடங்குங்கள். விண்டோஸில் ஒவ்வொரு வரியும் சிஆர், எல்எஃப் என்ற இரண்டு குறிகளோடு முடியும். லினக்ஸில் எல்எஃப் மட்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு குறி கூடினாலே கிட்டுக்கு எல்லா வரியும் புதியவைதான்.

ஆளுக்கு ஆள் தங்கள் கணினியில் ஆட்டோசிஆர்எல்எஃப் (வரி முடிவைத் தானாக மாற்றும் கிட் செட்டிங்) வைத்துக்கொள்ளும் வழியை நம்பாதீர்கள். ஒருவர் மறந்தால் போதும், மறுபடி இதே சிக்கல். ஃபைல்களைக் கிட் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைல் ரெப்போவோடு எல்லோருக்கும் போய்ச் சேரும். அதன் முதல் வரி: நட்சத்திரக் குறி, இடைவெளி, 'டெக்ஸ்ட்', சமக்குறி, 'ஆட்டோ'. ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும் வரி முடிவு எல்எஃப் என்று தனி வரி எழுதுங்கள். சிஆர் ஒட்டிக்கொண்ட ஸ்கிரிப்ட் லினக்ஸில் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

பிறகு 'ஆட்' கட்டளையை 'ரீநார்மலைஸ்' தெரிவோடு (பழைய ஃபைல்களின் வரி முடிவையும் இந்த விதிப்படி மாற்றுவது) ஓட்டி, அதை மட்டும் தனிக் கமிட்டாகப் போடுங்கள். திறந்திருக்கும் பிராஞ்சுகளை அதற்கு முன்பே மெர்ஜ் செய்துவிட (மெயினோடு இணைத்துவிட) வேண்டும். இல்லையென்றால் கான்ஃப்ளிக்ட் (ஒன்றோடொன்று மோதும் மாற்றங்கள்) குவியும்.

பதில் 2:
கிட்இக்னோர், கிட் இன்னும் கவனிக்கத் தொடங்காத ஃபைல்களைத்தான் தடுக்கும். ஏற்கெனவே கமிட் ஆனதை 'ஆர்எம்' கட்டளையில் 'கேஷ்ட்' தெரிவு கொடுத்து நீக்குங்கள். உங்கள் கணினியில் ஃபைல் அப்படியே இருக்கும். ஆனால் மற்ற இருவரும் புல் செய்ததும் (புதிய மாற்றங்களை இறக்கியதும்) அவர்கள் கணினியில் அது அழிந்துவிடும். முன்கூட்டியே நகல் எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

இதைவிட அவசரமானது ஒன்று: அந்த ஃபைலில் இருந்த பாஸ்வேர்டு, ஏபிஐ கீ எல்லாவற்றையும் இன்றே மாற்றுங்கள். ஃபைலை நீக்கினாலும் பழைய கமிட்டுகளில் அவை அப்படியே கிடக்கும். பிரைவேட் ரெப்போதானே என்று விடாதீர்கள். பின்னாளில் பப்ளிக் ஆக்கினால் முழு வரலாறும் வெளியே தெரியும்.

கேட்டவர்:
இரண்டும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. செட்டிங்ஸில் மெயினுக்கு விதி போட்டேன், சேமித்தது. ஆனாலும் நேரடிப் புஷ் ஏறுகிறது.

பதில் 1:
இலவசத் திட்டத்தில் பிரைவேட் ரெப்போவுக்கு அந்த விதி நடைமுறைக்கு வராது. பப்ளிக் ஆக்க வேண்டும், அல்லது கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும். ப்ரீ-புஷ் ஹூக் (புஷ் செய்யும் முன் தானாக ஓடித் தடுக்கும் ஸ்கிரிப்ட்) வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக நிறுவ வேண்டும், வேண்டுமென்றால் தாண்டிப் போகவும் முடியும். கைதவறிப் புஷ் செய்வதைத் தடுக்க அது போதும்.

பதில் 3:
விதி வேலை செய்யத் தொடங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை: புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை மெயினில் சேர்க்கும் முன் மற்றவர் பார்க்க அனுப்பும் கோரிக்கை) கட்டாயம், ஒப்புதல் ஒன்று என்று வையுங்கள். தன் புல் ரிக்வெஸ்ட்டுக்குத் தானே ஒப்புதல் தர முடியாது என்பதால், மூன்று பேர் குழுவில் இரண்டு ஒப்புதல் கேட்டால் ஒருவர் விடுப்பில் போனாலே வேலை நின்றுவிடும். பிராஞ்ச் ப்ரொடெக்ஷனில் (கிளைப் பாதுகாப்பு விதியில்) அட்மின் விதியைத் தாண்டலாம் என்பதே இயல்பு நிலை. அதை மூடும் பெட்டியில் டிக் போடுங்கள். டெஸ்ட் கட்டாயம் என்று வைக்கும்போது அது பட்டியலில் தெரியவில்லையா? கடந்த 7 நாட்களுக்குள் அந்த ரெப்போவில் ஒருமுறையாவது ஓடியிருக்க வேண்டும். முதலில் ஓட்டிவிட்டு வந்து தேடுங்கள்.