புளோரன்சில் அம்மாவோடு பார்த்த வெள்ளக் கோடு

இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்கு ஒரு நாள் போதும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மைக்கலாஞ்சலோவின் டேவிட் சிலை, உஃபிட்சி ஓவியக்கூடம், பேராலயக் குவிமாடம் என்று ஓடி ஓடிப் பார்ப்பதென்றால் போதும்தான். நாங்கள் மூன்று நாள் நின்றோம், அப்படியும் எல்லாம் பார்த்து முடியவில்லை. திரும்பி வந்து இத்தனை மாதமாகியும் என் மனதில் நிற்பது ஒரு தெருமூலை. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

போன ஒக்டோபரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சூரிச்சிலிருந்து ரயிலில் போனேன். 57 கிலோமீற்றர் நீளமான கோத்தார்ட் சுரங்கத்தைத் தாண்டி மிலான், அங்கே மாறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் புளோரன்ஸ். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வருத்தம். புருனலெஸ்கி கட்டிய குவிமாடத்துக்கு 463 படி, மின்தூக்கி இல்லை. அதைக் கீழே நின்றே பார்த்தோம். டேவிட்டுக்கு முன்னால் மட்டும் அம்மா அசையவில்லை. ஐந்து மீற்றருக்கு மேல் உயரமான சிலை. அம்மா பார்த்தது அதன் வலது கையைத்தான். "நரம்பைப் பார் பிள்ளை, கல்லில ரத்தம் ஓடுற மாதிரி" என்றார். அன்று வேறெதையும் பார்க்க அவருக்கு விருப்பம் இருக்கவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் வியா தெய் நேரி என்ற தெருவில் மெதுவாக நடந்தோம். பாணுக்குள் இறைச்சியும் சீஸும் வைத்துக் கொடுக்கும் கடைகளுக்கு முன்னால் அங்கே எப்போதும் நீண்ட வரிசை. (அந்த ஊர்ப் பாணில் உப்புப் போடமாட்டார்கள், முதல் கடியில் அம்மா முகத்தைச் சுளித்தார்.) வியா சான் ரெமிஜியோ வந்து சேரும் மூலையில் கால் கடுத்து அம்மா சுவரில் சாய்ந்தார். சாய்ந்தபடி மேலே பார்த்தவர், "அது என்ன கை?" என்று கேட்டார்.

சுவரில் ஒரு பழைய கல். அதில் அலை மாதிரி ஒரு கோடு, அந்தக் கோட்டை ஒரு கை விரலால் சுட்டிக் காட்டுகிறது. 1333ஆம் ஆண்டு ஆர்னோ ஆறு பெருகியபோது தண்ணீர் வந்த மட்டம். அதற்கும் மேலே இன்னொரு கல், 1966ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு. இரண்டுமே எங்கள் கைக்கு எட்டாத உயரம். இரண்டிலும் ஒரே திகதி, நவம்பர் 4. இடையில் 633 வருடம்.

அந்த நேரம் மகன் தொலைபேசியில் அழைத்தான், நான் அவனோடு சுவிஸ் ஜெர்மனில் கதைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வாசலில் நின்ற ஒரு ஐயா அதே மொழியில் எங்களுக்கு வணக்கம் சொன்னார். இளவயதில் சுவிசின் வின்டர்தூர் நகரில் 11 வருடம் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். அம்மாவின் வயதுதான் இருக்கும். வெள்ளம் வந்தபோது அவருக்கு 17 வயது. அவர் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

அன்று விடுமுறை நாள், கடைகள் பூட்டு. விடியப்புறம் தெருவெல்லாம் ஆறு. வீடுகளைச் சூடாக்க நிலவறைகளில் வைத்திருந்த எண்ணெய் தண்ணீரில் கலந்து, வெள்ளம் வற்றிய பிறகு சுவர் முழுக்கக் கறுப்புக் கோடு. குடிக்கத் தண்ணீர் இல்லை. நாற்றம் தாங்காது. நாலைந்து நாள் கழித்து இவரும் நண்பர்களும் ஆற்றங்கரையில் இருக்கும் தேசிய நூலகத்துக்குப் போயிருக்கிறார்கள். நிலக்கீழ்த் தளத்திலிருந்து மேல்வரை பெடியளும் பெட்டையளும் வரிசையாக நின்று, சேறு வழியும் புத்தகங்களைக் கைமாற்றி மேலே ஏற்றினார்களாம். வெளிநாடுகளிலிருந்தும் இளையோர் வந்தார்கள். 'சேற்றுத் தேவதூதர்கள்' என்று அந்த ஊர் இன்றைக்கும் அவர்களைச் சொல்கிறது. புத்தகங்களைக் கழுவி, புகையிலை உலர்த்தும் சூளைகளுக்குக்கூடக் கொண்டுபோய்க் காயவைத்திருக்கிறார்கள். தான் யாருடைய கையிலிருந்து வாங்கினேன் என்பதும் தெரியாது, யாருக்குக் கொடுத்தேன் என்பதும் தெரியாது, எல்லா முகமும் சேறு என்றார்.

அம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு, "எழுத்து மிஞ்சினதோ எண்டு அவரிட்டக் கேள்" என்றார். கேட்டேன். நிறைய மிஞ்சியது, திருத்துகிற வேலை பல பத்தாண்டுகள் நடந்தது என்றார் ஐயா.

"நனைஞ்ச புத்தகத்தைக் காயவைக்கலாம்" என்றார் அம்மா.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அம்மா ஆசிரியையாக இருந்தார், அங்கே அங்கத்துவ அட்டை வைத்திருந்தவர். சுமார் 97,000 புத்தகங்கள். அந்த வசனத்தை நான் ஐயாவுக்கு மொழிபெயர்த்தேன், பிறகு காரணத்தையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி, அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு நின்றார்.

சாந்தா குரோசே தேவாலயத்துக்குப் போங்கள் என்று வழி காட்டியதும் அவர்தான். நடக்கிற தூரம். மைக்கலாஞ்சலோ, கலிலியோ கல்லறைகளைத் தேடித்தான் அங்கே சனம் போகிறது. நாங்கள் நேரே பின்னறைக்குப் போனோம். சிமாபுவே என்ற ஓவியர் 13ஆம் நூற்றாண்டில் வரைந்த பெரிய சிலுவை அங்கே தொங்குகிறது. வெள்ளத்தில் அதன் வண்ணத்தில் ஏறக்குறைய 60 வீதம் கரைந்து போனது. திருத்தியவர்கள் போன முகத்தையும் உடலையும் ஊகித்து வரையவில்லை. இழந்த இடங்களை மெல்லிய பல நிறக் கோடுகளால் மட்டும் நிரப்பியிருக்கிறார்கள். தூரத்தில் நின்றால் கண்ணை உறுத்தாது. கிட்டப் போனால் இவ்வளவும் போய்விட்டது என்று தெளிவாகத் தெரியும். அம்மா அங்கே இருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். "பொய்யா ஒண்டும் கீறேல்லை" என்று மட்டும் சொன்னார்.

அதே வளாகத்தில் வசாரி என்ற ஓவியரின் 'கடைசி இராவுணவு' இருக்கிறது. ஐந்து பலகைகளில் வரைந்த ஓவியம், 12 மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தது. சரியாக 50 வருடம் கழித்து, 2016 நவம்பர் 4 அன்றுதான் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. இனி வெள்ளம் வந்தால் மேலே தூக்குவதற்குப் பொறியும் பொருத்தியிருக்கிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: சாந்தா குரோசே ஞாயிறு காலையில் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை, தோளை மூடிய உடுப்போடு போங்கள். நவம்பர் 4 அன்று ஆற்றில் மலர்வளையம் விடுவார்கள் என்று அந்த ஐயா சொன்னார். அந்த நாளில் அங்கே நின்றவர்கள் யாராவது இருந்தால் இங்கே எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.