காட்டோரம் பிள்ளைகளோட டென்ட் போட்டுத் தங்கலாமா, வேண்டாமா?

கோபி_வாய்க்கால்
முழுப்பரீட்சை லீவுக்கு அக்கா பசங்களும் சித்தப்பா வீட்டுப் பசங்களும் கோபிக்கு வர்றாங்க. எப்பவும் போலக் கொடிவேரி, பவானிசாகர்னு முடிச்சுக்காம, ஆனைமலை அடிவாரத்துல ஒரு தோப்புக்குள்ள டென்ட்ல ஒரு ராத்திரி தங்கலாம்னு மாமா சொல்றார். கேம்ப் ஃபயர் உண்டு, காலையில ஜீப் சவாரி உண்டுன்னு விளம்பரம் போட்டிருக்காங்க. எங்கப்பா ஒரே பிடியா வேண்டாங்கறார். “பொடுசுகளைக் கூட்டிட்டு தீரன் சின்னமலையோட ஓடாநிலைக்கும், கல்வெட்டு இருக்கற அறச்சலூருக்கும் போங்க, நம்மூரைத் தெரிஞ்சுக்கட்டும்” என்கிறார். நான் மாமா கட்சி. ஆறாவது படிக்கிற பையன் யானையைக் கோயில் வாசல்ல சங்கிலியோட மட்டும்தான் பார்த்திருக்கான். நீங்க என்ன சொல்றீங்க?

ஆழியாத்தங்கரை
வேண்டாம் தம்பி. உங்கப்பா சொல்றதைக் கேளுங்க.

எங்க தோப்பு மலையடிவாரத்துலதான் இருக்கு. பொழுது இறங்கினா யானை தண்ணிக்கு இறங்கும். அதுக்குன்னு ஒரு தடம் உண்டு, எங்க பாட்டன் காலத்துல இருந்து அதே தடம். ரெண்டு தோப்பு தள்ளி டென்ட் போட்டு, சனிக்கிழமையானா ஸ்பீக்கர் வச்சு, கட்டையைப் போட்டுக் கொளுத்தறாங்க. வெளிச்சத்தையும் சத்தத்தையும் கண்டு யானை அந்தப் பக்கம் போறதில்ல. இந்தப் பக்கமாத் திரும்பி, வேலைக்காரங்க குடியிருக்கற சாளை வழியா வருது. நீங்க காலையில காரெடுத்துப் போயிருவீங்க. அடுத்த ராத்திரியும் அந்தச் சாளையில கைக்குழந்தையோட படுக்கறவங்களுக்குத்தான் கஷ்டம்.

இன்னொண்ணு, நீங்க வர்றது சித்திரை வெயில்ல. காடு சருகாக் கிடக்கும். 2018 மார்ச்சுல தேனிப் பக்கம் குரங்கணியில மலையேறப் போனவங்க இருபதுக்கும் மேல தீயில மாட்டிச் செத்தாங்க. அந்த மாதிரிச் சருகுக்குப் பக்கத்துல பிள்ளைகளை உட்கார வச்சு நெருப்பு மூட்டறதுக்குக் காசு வாங்கறாங்க.

தாராபுரத்தக்கா
அண்ணா, உங்களுக்கு வாசல்ல நின்னா மலை தெரியுது. எங்களுக்கு அப்படியில்லீங்க. எங்க பக்கத்துப் பிள்ளைங்க பார்க்கறது பனியன் கம்பெனியும் சாயத்தண்ணியும்தான். காட்டைக் கண்ணால பார்க்காத பிள்ளை நாளைக்கு அதைக் காப்பாத்தணும்னு எப்படி நினைக்கும்? ஆபத்து, ஆபத்துன்னு அடைச்சு வச்சா, காடுன்னா போன்ல பார்க்கற ரீல்ஸ்னுதான் வளரும்.

நாங்க குடும்பத்தோட பரம்பிக்குளம் போய்த் தங்கியிருக்கோம். பொள்ளாச்சிப் பக்கம் சேத்துமடை, டாப்ஸ்லிப் தாண்டித்தான் வழி, ஆனா காடு கேரளாவோடது. அங்க ஆனப்பாடியில கேரள வனத்துறையே கூடாரம் போட்டு வாடகைக்கு விடுது. ராத்திரி கூடாரத்தை விட்டு வெளிய வரக்கூடாதுன்னு சொல்லித்தான் படுக்க விட்டாங்க. என் சின்ன மக பயத்துல என் சேலையைப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தா. விடியக்காலம் வெளிய பார்த்தா மான் கூட்டம் கூடாரத்துக்கு எதுத்தாப்பல மேயுது. வாயத் திறக்காம உட்கார்ந்து பார்த்தா பாருங்க, அந்தப் பிள்ளை வீட்ல அரை நிமிஷம் சும்மா இருக்காது. கன்னிமரா தேக்கு மரத்தை நாங்க கைகோத்துச் சுத்தி நின்னு அளந்ததை இன்னும் சொல்லிட்டிருக்கா. இதை வேண்டாங்கறீங்களா?

ஆழியாத்தங்கரை
அதை நான் வேண்டாங்கலையே அக்கா. வனத்துறை நடத்தற இடத்துல எங்க நெருப்பு மூட்டலாம், எத்தனை பேரு தங்கலாம், எத்தனை மணிக்கு மேல வெளிய வரக்கூடாதுன்னு கணக்கு இருக்கு. தனியார் தோப்புல யாரு கேக்கறா? மசினகுடியில 2021 ஜனவரியில, தங்கும் விடுதி ஒண்ணுல எரியற டயரை யானை மேல எறிஞ்சாங்க. காது வெந்து அது செத்தே போச்சு. ராத்திரி விருந்தாளிங்க இருக்கற இடத்துக்கு யானை வந்தா அதை விரட்டத்தான் பார்ப்பாங்க. வேற என்ன செய்வாங்க?

சத்தி_சாலை
ஆழியாத்தண்ணன் சொல்றதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். நான் சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையில வண்டி ஓட்டறவன். 27 கொண்டை ஊசி வளைவு. 2022ல உயர் நீதிமன்றம் சொன்னதுக்கப்புறம் ராத்திரி போக்குவரத்தைக் கட்டுப்படுத்தினதால வியாபாரிங்க, கரும்பு விவசாயிங்க, தாளவாடிக்காரங்க எல்லாருக்கும் சிரமம்தான். இருந்தாலும் பொறுத்துக்கிட்டுத்தான் ஓட்டறோம். பொழைப்புக்குப் போற நாங்களே ராத்திரி ஒதுங்கி நிக்கறப்ப, பொழுதுபோக்குக்கு வர்றவங்க ஒதுங்கினா என்ன குறைஞ்சு போச்சு?

அதே ரோட்டுல காரப்பள்ளத்துல கரும்பு லாரியை யானை நிறுத்திப் பார்த்திருப்பீங்க. லாரியில இருந்து விழுந்ததைத் தின்னு பழகினது. அந்த இடத்துல குடும்பம் குடும்பமா காரை நிறுத்தி, பிள்ளையைத் தோள்ல தூக்கிக் காட்டறாங்க. அது காடு பார்க்கற லட்சணம் இல்ல.

நொய்யல்கரை
இந்த விவாதத்தில் கோபி தம்பியின் அப்பா சொன்னதை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. நான் அவர் கட்சி.

அறச்சலூர் நாகமலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். பாறையில் ‘த தை தா தை த’ என்று தொடங்கும் ஐந்து வரி, வரிக்கு ஐந்தெழுத்து. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து படித்தாலும் கீழிருந்து படித்தாலும் ஒன்றுபோலவே வரும். இந்த எழுத்தைக் கோத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்திலேயே பெயரும் இருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன்னையும் மணியையும் சோதித்துத் தரம் சொல்பவன். இவ்வளவு பழைய பாட்டுக் கல்வெட்டு நம் காங்கேயம் போகிற வழியில் இருக்கிறது, நாம் குற்றாலத்தையும் ஊட்டியையும் தேடி ஓடுகிறோம். போன முறை என் பேத்தி அந்த வரிகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, கட்டத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தாள். பிறகு கைத்தாளம் போட்டு அவளே ஒரு மெட்டு கட்டினாள்.

கொடுமணலும் தூரமில்லை. பதிற்றுப்பத்தில் கபிலர் ‘கொடுமணம்’ என்று பாடிய ஊர் அதுதான். இரும்பை உருக்கிய உலைகளும், கல்மணி செய்த பட்டறைகளின் மிச்சமும், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்து கீறிய பானை ஓடுகளும் அங்கே அகழாய்வில் கிடைத்தன.

தாராபுரத்தக்கா
ஐயா, நான் கொடுமணலுக்குப் பிள்ளைங்களோட போனவ. தோண்டின குழியை மூடிட்டாங்க. எங்க பார்க்கறது, என்ன பார்க்கறதுன்னே தெரியல. பிள்ளைங்க “இங்க ஒண்ணுமே இல்லையேம்மா”ன்னு கேட்டப்ப எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நிழல் இல்ல, கழிப்பறை இல்ல. பிள்ளைங்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போனா சரித்திரமே கசந்து போகுமுங்க.

நொய்யல்கரை
வசதி இல்லை என்பது உண்மைதான். அதற்காகக் கேட்டு நடக்க வேண்டியது நாம். ஒண்ணுமே இல்லை என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நொய்யலின் வடகரையில், ஈமக்காட்டில் கல்லை வட்டமாக அடுக்கிய இடங்கள் இருக்கின்றன. பிள்ளைகளை அதில் ஒரு வட்டத்தைச் சுற்றி நடக்கச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு வைத்த கல்லறை இது, உள்ளே சூதுபவள மணியும் இரும்பு வாளும் வைத்துப் புதைத்தார்கள் என்று சொல்லுங்கள். என்னுடன் வந்த பையன்கள் கேள்வி கேட்பதை நிறுத்தவே இல்லை. “அந்த மணி எங்கிருந்து வந்துச்சு, கல்லை யாரு தூக்குனாங்க”ன்னு ஒரே கேள்வி. முன்கூட்டியே கதையைச் சொல்லாமல் கூட்டிப் போனால் காடும் பிள்ளைகளுக்கு வெறும் மரம்தான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கீழே கிடக்கிற ஓடு, மணி எதையும் பையில் போடக் கூடாது. கிடக்கிற இடத்தில் கிடந்தால்தான் அதற்கு அர்த்தம்.

கோபி_வாய்க்கால்
எல்லாருக்கும் நன்றிங்க. எனக்கு ஒரு சந்தேகம். டாப்ஸ்லிப் வனத்துறை விடுதி லீவு நாள்ல கிடைக்கறதே இல்ல. பரம்பிக்குளம் பத்துப் பதினஞ்சு பேருக்குக் கட்டாது. கையில காசு குறைவா இருக்கறவங்க என்னதான் பண்றது? அதனாலதான் தோப்பு டென்ட்டுக்குப் போறாங்க.

தாராபுரத்தக்கா
இதைத்தான் நானும் கேக்கணும்னு நினைச்சேன் தம்பி. அண்ணா, நீங்க இதுக்குப் பதில் சொல்லுங்க. வசதியுள்ளவனுக்கு மட்டும் காடா?

ஆழியாத்தங்கரை
நியாயமான கேள்வி அக்கா. ராத்திரி தங்கினாத்தான் காடுன்னு யாரு சொன்னது? சேத்துமடை செக்போஸ்ட்ல வெள்ளன நில்லுங்க. பாலித்தீன் பையெல்லாம் அங்கயே வாங்கி வச்சுக்குவாங்க. கட்டுச்சோறு தூக்குச்சட்டியில கொண்டு போங்க. மேல வனத்துறை வண்டியில சுத்திக் காட்டுவாங்க. கோழிகமுத்தி முகாமுல யானைக்குக் களியும் வெல்லமும் உருட்டிக் கொடுக்கறதைப் பிள்ளைங்க பார்க்கட்டும். ஒவ்வொரு யானைக்கும் என்ன அளவுன்னு மலசர் பழங்குடிப் பாகன்களுக்கு மனப்பாடம், கேட்டா சொல்லுவாங்க. டாப்ஸ்லிப் பக்கமே ஹியூகோ வுட் சமாதி இருக்கு. வெட்டித் தீர்த்த தேக்குக்காட்டைத் திரும்ப வளர்த்த வெள்ளைக்கார அதிகாரி. உங்க சரித்திரமும் அங்கயே இருக்கு நொய்யல்கரை ஐயா.

காரமடைப் பக்கம்னா பரளிக்காடு. சனி, ஞாயிறுல பில்லூர் அணைத் தண்ணியில பரிசல். அந்த ஊர் இருளர் பெண்களே சமைச்சுப் போடறாங்க, நாம கொடுக்கற காசு அவங்களுக்குப் போகுது. முன்கூட்டியே பதிவு பண்ணணும். ரெண்டுமே பொழுதோட கீழ இறங்கிரலாம். ஆனா கோடையில தீ பயம் இருந்தா டாப்ஸ்லிப்பையே அடைச்சிருவாங்க, விசாரிச்சுட்டுக் கிளம்புங்க.

தாராபுரத்தக்கா
பகல்ல போயிட்டு வர்றது நல்ல யோசனைங்ணா, ஒத்துக்கறேன். ஆனா ராத்திரிக் காட்டைக் கேக்கறது வேற அனுபவம், அதை விட்டுக் கொடுக்க மாட்டேன். வனத்துறை கேரளாவுல பண்றதை நம்ம பக்கமும் சாதாரணக் குடும்பம் கொடுக்கற வாடகைக்குப் பண்ணட்டும். தனியார் தோப்பை மூடச் சொல்றதோட இதையும் சேர்த்துக் கேளுங்க.

சத்தி_சாலை
அக்கா கேக்கறது சரி. கூடவே பாட்டில். நீலகிரியில 2022ல காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா பத்து ரூபாய்னு கொண்டு வந்தாங்க. உடைஞ்ச பாட்டில் யானைக் கால்ல ஏறினா புண்ணு ஆறாது. டென்ட் போடற தோப்பைச் சுத்திப் பாருங்க, பாட்டில் எங்கிருந்து வருதுன்னு தெரியும்.

கோபி_வாய்க்கால்
மாமாகிட்டப் பேசிட்டேன். முன்பணம் கொடுத்தாச்சுன்னு அவருக்குக் கோவம், ஆனா சாளை விஷயத்தைச் சொன்னதும் ஒண்ணும் பேசல. சனிக்கிழமை விடியக்காலம் சேத்துமடை, ராத்திரி பொள்ளாச்சியில சித்தி வீட்டுல. ஞாயித்துக்கிழமை காங்கேயம் வழியா அறச்சலூர், ஓடாநிலை. எங்கப்பாவும் வர்றாராம், சின்னமலை கதையை அவரே சொல்றாராம்.

நொய்யல்கரை
நல்லது தம்பி. நாகமலைக்குக் காலை எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள், பிறகு பாறை சுடும். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ சாக்கட்டியோ பூசி எழுத்தைப் பார்க்க வேண்டாம். சாய்ந்த வெயிலில் வெறும் கண்ணுக்கே தெரியும்.