ஆறு வயதுப் பையனை உளவியலாளர் எரிக்சனின் எந்த வளர்ச்சிக் கட்டத்தில் வைப்பது?

தாதியியல் படித்த அக்காமார், அண்ணாமாரிடம் ஓர் உதவி. யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். நோயாளர் ஆய்வறிக்கையை வரும் வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். வளர்ச்சிக் கோட்பாட்டுப் பகுதியில் நான்கு நாட்களாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன்.

நோயாளி 6 வயதும் 2 மாதமும் ஆன சிறுவன். மாமரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலில் எடை கட்டிப் பத்து நாட்களாகப் படுத்திருக்கிறான். அம்மா சொல் கேளாமல் ஏறியதற்குக் கடவுள் தந்த தண்டனை இது என்று உறுதியாக நம்புகிறான். அதே வாயால், வகுப்பில் மற்றவர்கள் தன்னை முந்திவிடுவார்கள் என்றும் அழுகிறான்.

சிந்தனை வளர்ச்சியை விளக்கும் பியாஜேயில் சிக்கல் இல்லை: 2 முதல் 7 வயது வரையான கட்டம். தவறுக்குத் தண்டனை தானாக வந்து சேரும் என்ற குழந்தை மனத்தையும் அவர் விளக்கியிருக்கிறார். ஒழுக்க வளர்ச்சியில் கோல்பேர்க் சொன்ன முதற்படியும், அதாவது தண்டனைக்குப் பயந்து கீழ்ப்படிவதும், பொருந்துகிறது. புரொய்டை விட்டுவிட்டேன், இந்தக் கட்டிலருகே அவருக்கு வேலையில்லை. ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளப் போராட்டம் இருக்கும் எரிக்சனின் எட்டுக் கட்டங்களில்தான் இடறுகிறேன். தண்டனைப் பயம் ‘முன்முயற்சி எதிர் குற்றவுணர்வு’ என்கிறது. பாடக் கவலையோ அடுத்த கட்டமான ‘உழைப்பு எதிர் தாழ்வுணர்வு’ என்கிறது.

பொது நூலகத்தில் இரண்டு பின்னேரங்கள் தேடினேன். ஒரு நூல் முன்முயற்சிக் கட்டத்தை 5 வயதோடு முடிக்கிறது, மற்றது 6 வரை நீட்டுகிறது. இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். ‘ஒன்றைத் தெரிவு செய்க’ என்று சிவப்பு மையில் திரும்பி வந்தது.

பராமரிப்புத் திட்டத்தில் கட்டத்தைத் தீர்மானிப்பது வயதை வைத்தா, பிள்ளையின் நடத்தையை வைத்தா?