மண்டபத்துக் கார்களை மறைக்க வைத்த செடி மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?

திருமங்கலத்துப் பெண்:
வணக்கம். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் நான்குவழிச் சாலையை ஒட்டி அப்பா கட்டிய திருமண மண்டபத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். முன்னால் முப்பது கார் நிற்கும். சாலையிலிருந்து பார்த்தால் வாசல் கோலம் தெரியாது, காரின் முதுகுதான் தெரியும். அதை மறைக்க 40 மீட்டர் நீளத்துக்கு இட்லிப்பூச் செடி வைத்தேன். ஒன்றரை வருடமாகியும் முழங்காலைத் தாண்டவில்லை. கொழுந்து மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. கார் நிற்கும் பக்கத்துக் கிளைகள் கருகிவிட்டன. தினமும் போர்த் தண்ணீர் விடுகிறோம், யூரியாவும் போட்டாயிற்று. பிடுங்கிவிட்டுத் தகரம் அடி என்கிறார் மாமா. எனக்கு மனம் வரவில்லை.

நாற்றங்கால்காரர்:
அம்மா, கொழுந்து மஞ்சள், நரம்பு பச்சை என்றால் இரும்புச்சத்துக் குறை. யூரியா அதைத் தீர்க்காது. கரிசலில் சுண்ணாம்பு அதிகம். மண்ணில் இரும்பு இருந்தாலும் அங்கே வேரால் எடுக்க முடியாது. இட்லிப்பூவோ அமில மண்ணை விரும்பும் செடி. பாத்தியை எதைக் கொட்டி நிரப்பினீர்கள்? அரை அடி தோண்டி, ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள்.

திருமங்கலத்துப் பெண்:
ஐயா, தோண்டினேன். நான்கு விரல் செம்மண்ணுக்குக் கீழே முழுக்கச் செங்கல் துண்டும் சிமெண்ட் கட்டியும்தான். எங்கள் சமையல்கூடத்து நீலப்பூ டைல்ஸ் கூட ஒரு சில்லு கிடந்தது. வினிகர் பட்டதும் சோடா போல நுரைத்தது. வயிறு எரிகிறது.

நாற்றங்கால்காரர்:
அப்படியானால் உரத்துக்குச் செலவழிக்காதீர்கள். ஆடியில் முகூர்த்தம் இருக்காது; அப்போது இரண்டடி ஆழத்துக்கு இடிபாட்டை அள்ளிவிட்டு, நல்ல மண்ணும் தொழு உரமும் போடுங்கள். புரட்டாசிக் கடைசியில் நட்டால் ஐப்பசி மழை வளர்த்துவிடும். நொச்சியும் ஆடாதொடையும் இரண்டு வரிசையாக, ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். இரண்டும் நம் வெயிலைத் தாங்கும், ஆடும் வாய் வைக்காது. வேகமாக வளரும் என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரக்கன்றைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள்; அதைக் குஜராத் 2023-லேயே தடை செய்துவிட்டது. இட்லிப்பூவைத் தொட்டிக்கு மாற்றினால் பிழைக்கும்.

கட்டடப் பொறியாளர்:
அக்கா, கருகலுக்குக் காரணம் மண் இல்லை. உங்கள் மண்டபத்தில் காரைப் பின்பக்கமாக விட்டு நிறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். பின்சக்கரம் தடுப்பில் முட்டி நின்றாலும், பம்பர் அதைத் தாண்டி இரண்டடி வரை நீளும். கிளையை உரசுவதும் அதுதான், புகைக்குழாய்ச் சூடு படுவதும் அங்கேதான். சக்கரத் தடுப்பைச் செடியிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளிப் போடுங்கள்.

தகரம் வேண்டவே வேண்டாம். மண்டபத்திலிருந்து வெளியே வரும் ஓட்டுநருக்குச் சாலையில் வரும் பைக் தெரியாமல் போகும். வேலி மூன்றரை அடி இருந்தால் விளக்கும் பம்பரும் மறைந்துவிடும், கூரையை மறைக்கத் தேவையில்லை. வாசலின் இருபுறமும் 5 மீட்டருக்கு மட்டும் இரண்டடிக்கு மேல் வளரவிடாதீர்கள். அந்த இடத்தில் அழகைவிட உயிர் பெரிது.

திருமங்கலத்துப் பெண்:
தம்பி சொன்னது சரி, எல்லோரும் பின்பக்கமாகத்தான் விடுகிறார்கள். கருகிய கிளைகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். தகரக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளை எங்கள் காரையே நிறுத்தி, சாக்பீஸால் கோடு போட்டு அளந்து எழுதுகிறேன்.