கொரியருக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லித் தருபவர்களிடம் ஒரு கேள்வி

ஒரகடம் ட்யூட்டர்:
வணக்கம். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கொரிய மேலாளருக்கு வாரம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பேச்சு ஆங்கிலம் எடுக்கிறேன். வயது 45க்கு மேல். டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலப் பரீட்சையில் நல்ல மார்க், மெயில் எல்லாம் தானே எழுதுகிறார். பேசச் சொன்னால்தான் சிக்கல். கேள்வி கேட்டால் நீண்ட மௌனம். 'லஞ்ச்' என்பது 'லன்ச்சி' ஆகிறது. 'ரைட்', 'லைட்' இரண்டும் ஒன்றாகக் கேட்கிறது. 'ஃபைல்' 'பைல்' ஆகிறது. உச்சரிப்பில் தொடங்குவதா, முதலில் பேச வைப்பதா? ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

ஒலியியல் விரும்பி:
உச்சரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கொரிய மொழியில் சொல்லின் கடைசியில் ஏழே மெய்யொலிகள்தான் வரும். மற்ற மெய்கள் வந்தால் பின்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வார்கள். 'பஸ்' அவர்களுக்கு 'பொஸு', 'ஸ்ட்ரெஸ்' நான்கு அசை. அந்த 'உ' உதடு குவியாதது, நம் குற்றியலுகரம் மாதிரியே இருக்கும். நாமும் 'பஸ்ஸு', 'கப்பு' என்று சொல்கிற ஆட்கள் என்பதால் நம் காதுக்கு அது தவறாகவே படாது. ஆகவே அசையை எண்ணிப் பழக்குங்கள். ஒரு சொல், மேஜையில் ஒரு தட்டு. 'ஸ்ட்ரெஸ்' சொல்லும்போது இரண்டாவது தட்டு விழுந்தால் அவருக்கே பிடிபடும்.

ர-ல விஷயத்தில் இதைவிடப் பெரிய ஆபத்து உண்டு. நம் 'ர' நாக்கு ஒருமுறை தட்டிவிட்டு வரும் ஒலி. கொரிய மொழியில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒலியும் அதேதான். நீங்கள் 'ரைட்' என்று நம் ரகரத்தில் சொல்லிக் காட்டினால், அவர் ஏற்கெனவே வைத்திருக்கும் ஒலியையே திரும்பக் கொடுக்கிறீர்கள், எதுவும் மாறாது. 'ழ' சொல்வதுபோல நாக்கை எங்கும் தொடாமல் வைத்து, உதட்டைக் கொஞ்சம் குவித்து, அங்கிருந்து 'ரைட்' தொடங்கிக் காட்டுங்கள். 'ல'வுக்கு அவர் மொழியிலேயே கைப்பிடி இருக்கிறது. 'சீக்கிரம்' என்பதற்கு அவர்கள் சொல்வது 'ப்பல்லி'. அதில் வரும் இரட்டை லகரம் சுத்தமான ல. அதைச் சொல்ல வைத்து, நாக்கு மேல்பல்லின் பின்னால் ஒட்டியிருக்கும்போதே நிறுத்தி, அங்கிருந்து 'லைட்' சொல்ல வையுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு ஜோடி ஒலி போதும்.

'ஃப', 'வ' இரண்டும் அவர்கள் மொழியில் இல்லை, ப-வும் ப-வின் மெல்லிய ஒலியுமாக மாறும். சின்னக் கண்ணாடி ஒன்றைக் கையில் கொடுங்கள். மேல்பல் கீழுதட்டைத் தொடுவது அதில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பலர் கவனிக்காத ஒன்று: 'பிக் மீ அப்' என்பது 'பிங் மீ அப்' என்று வரும். 'குட் மார்னிங்' 'குன் மோனிங்' ஆகும். அவர்கள் மொழியில் மூக்கொலிக்கு முன்னால் வரும் வல்லொலி தானும் மூக்கொலியாகிவிடும். கல் + மலை கன்மலை ஆவதைப் படித்த நமக்கு இது புரியாததில்லை. இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு நொடி நிறுத்தச் சொல்லி, பிறகு இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

மாலை வகுப்பு:
முதலில் பேச வையுங்கள், உச்சரிப்புக்குப் பத்து நிமிடம் போதும் என்பது என் கட்சி. கம்பெனிகள் வழக்கமாகக் கேட்கும் டோயிக் 200 கேள்விகள், இரண்டு மணி நேரம். எல்லாம் கேட்பதும் படிப்பதும்தான், வாயைத் திறக்க வேலையே இல்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியும், உடனே எடுக்க வரவில்லை.

அதற்கு 4-3-2 பயிற்சி நன்றாக வேலை செய்யும். "நேற்று லைனில் என்ன பிரச்சினை?" என்று கேட்டு நான்கு நிமிடம் பேச விடுங்கள். அதே விஷயத்தை மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில் சொல்லச் சொல்லுங்கள். தலைப்பை மாற்றக் கூடாது. சொல்ல வேண்டியது முன்பே தெரிந்திருப்பதால் மூன்றாவது தடவை நாக்கு ஓடும். நடுவில் திருத்தாதீர்கள், குறித்து வைத்துக் கடைசியில் நாலைந்து தவறு மட்டும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொன்னால் அடுத்த வகுப்பில் அவர் பேச்சு இன்னும் குறையும்.

மௌனம் வந்தால் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நீங்களே வாக்கியத்தை முடித்துக் கொடுப்பதுதான் பெரிய தவறு. அவருக்குக் கீழே வேலை பார்ப்பவரை அதே வகுப்பில் உட்கார வைக்கவே கூடாது. இளையவர் முன் தவறாகப் பேச நேர்வது அவர்களுக்குப் பெரிய சங்கடம். பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், மிஸ்டர் சேர்த்துக் குடும்பப் பெயரைச் சொல்லுங்கள். அவர் உங்களை 'டீச்சர்' என்றே கூப்பிடுவார், நம் ஊருக்கு அது சரிதான். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் 'மேனேஜர்' என்று அழைத்துப் பேச ஆரம்பிப்பதை மட்டும் மாற்றுங்கள்.

ஒரகடம் ட்யூட்டர்:
இருவருக்கும் நன்றி. இன்னொன்று: "பார்ட்ஸ் வரலையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் 'யெஸ்' என்கிறார், ஆனால் வரவில்லை. தொகை சொல்லும்போதும் பூஜ்ஜியம் கூடிக் குறைகிறது.

கணக்கு வாத்தியார்:
அந்த 'யெஸ்' நம்முடைய "ஆமா, வரல"தான். கொரிய மொழியும் தமிழும் கேள்வியில் இருக்கும் கூற்றை ஒப்புக்கொள்கின்றன. ஆங்கிலம் நடந்ததை மட்டும் பார்க்கும், வரவில்லை என்றால் 'நோ'. ஒற்றைச் சொல் பதிலைத் தடை செய்து, 'நோ, தே ஹேவன்ட்' என்று முழுதாகச் சொல்ல வையுங்கள். வகுப்புக்குப் பத்து எதிர்மறைக் கேள்வி. நீங்களும் தடுமாறுவீர்கள், பதிலை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்: அவர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுவார்கள், பெயர் 'மான்'. 37,50,000 அவர் மனதில் 375 மான். ஆனால் எழுதும்போது மூன்று மூன்று இலக்கமாகத்தான் கமா போடுவார்கள், குழப்பம் அங்கே. 3,750,000 என்று எழுதி, வலமிருந்து முதல் கமாவில் 'தவுசண்ட்', இரண்டாவதில் 'மில்லியன்' என்று விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இங்கே வேலை பார்ப்பதால் லட்சம், கோடியும் வேண்டும்: 10 மான் ஒரு லட்சம், 1000 மான் ஒரு கோடி. அவர்கள் 'ஒக்' என்பது 10 கோடி.

கார் துறை என்பதால் இன்னொரு எச்சரிக்கை. அவர் 'ஹேண்டில்' என்றால் ஸ்டியரிங், 'பேக் மிரர்' என்றால் ரியர் வியூ மிரர், 'க்ளாக்ஷன்' என்றால் ஹார்ன். 'சர்வீஸ்' என்றால் பல நேரம் இலவசமாகத் தருவது. விலை பேசும் மீட்டிங்கில் அந்தக் கடைசிச் சொல்லை அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று அங்கேயே கேட்கப் பழக்குங்கள்.