திரையில் எழுதுங்கள், திரையிலிருந்து படிக்காதீர்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி:

நானும் நண்பரும் சொந்தமாக ஒரு சின்ன கர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) எழுதி வருகிறோம். எமுலேட்டரில், அதாவது கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருளில், பறந்தது. சண்டே மார்க்கெட்டில் வாங்கிய பழைய டெஸ்க்டாப்பில் ஏற்றினால், பூட் செய்திகள் ஊர்ந்து ஊர்ந்து வந்தன. ஒவ்வொரு வரியும் மேலேறுவது கண்ணுக்குத் தெரிந்தது.

திரையில் தெரியும் பிக்சல்களின் நிறங்களை வைத்திருக்கும் நினைவகம்தான் ஃப்ரேம்பஃபர். எமுலேட்டரில் அது சாதாரண ரேம். நிஜ மெஷினில் அது கிராபிக்ஸ் கார்டு பக்கம் இருக்கிறது, பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) அந்த முகவரிகளை அன்கேஷ்டாக, அதாவது பிராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகமான கேஷைப் பயன்படுத்தாதபடி, விட்டிருந்தது. 1024×768 திரையில் 7,86,432 பிக்சல். ஒவ்வொன்றும் தனியாக பஸ்ஸை (பிராசஸரையும் கார்டையும் இணைக்கும் பாதை) கடந்து போக வேண்டும்.

இதற்குத்தான் ரைட் கம்பைனிங். ஆள் சேர்ந்ததும் கிளம்பும் நம்மூர் டெம்போ மாதிரி, பிராசஸர் 64 பைட் வரை சேர்த்து ஒரே தடவையில் அனுப்பும், பிக்சலுக்கு 4 பைட் என்றால் 16 பிக்சல். எந்த முகவரிப் பகுதியை எப்படிக் கையாள வேண்டும் என்று பிராசஸருக்குச் சொல்லும், பென்டியம் ப்ரோ காலத்து எம்டிஆர்ஆர் (MTRR) பதிவேடுகள் வழியாகவும் இதைச் செய்யலாம். ஆனால் பகுதியின் அளவு இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், இடங்களும் கொஞ்சம்தான். நாங்கள் நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் (page) தனித்தனியாகச் சொல்ல முடிகிற பாட் (PAT) முறையை எடுத்தோம். ஒன்று கவனியுங்கள்: மெஷின் ஆன் ஆகும்போது பாட் பட்டியலில் ரைட் கம்பைனிங்கே கிடையாது. ஒரு இடத்தை நாமே மாற்றி எழுத வேண்டும்.

மாற்றியதும் திரை சட்டென்று நிறைந்தது. ஸ்க்ரால் மட்டும் பழையபடியே ஊர்ந்தது. ஏனென்றால் ஸ்க்ரால் என்பது திரையிலிருந்து படித்து மேல் வரியில் எழுதுவது. எழுதுவதை அனுப்பிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். படித்தால் பதில் வரும்வரை நிற்க வேண்டும். ரைட் கம்பைனிங் சாதாரணமாகப் படிப்பதற்கு உதவாது. இப்போது ரேமில் ஒரு நகல் வைத்து அதிலேயே ஸ்க்ரால் செய்கிறோம், மாறிய வரிகளை மட்டும் திரைக்குத் தள்ளுகிறோம். ஊர்வது போயே போச்சு.

மஞ்சக்குப்பம், கடலூர்:

அண்ணே, எனக்கு நேர் எதிர். ஆர்ம் பிராசஸர் உள்ள ஒரு சின்ன போர்டில் ஃப்ரேம்பஃபரை முழுக்க கேஷ் செய்து வைத்திருந்தார்கள். வேகத்துக்குக் குறையில்லை, ஆனால் திரையைத் துடைத்த பிறகும் பழைய நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள் அங்கங்கே நிற்கும், கொஞ்ச நேரத்தில் தானே மறையும். போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்: மிகச் சின்னக் கோடு சரியாக 16 பிக்சல், ஒரு கேஷ் லைன் (கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு). திரைக்குப் படத்தை அனுப்பும் டிஸ்ப்ளே கண்ட்ரோலர், கேஷைப் பார்க்காமல் நேராக டிராமை (முதன்மை ரேம்) படிக்கிறது. கேஷில் தங்கிய புது நிறம் அதற்குத் தெரியாது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கேஷில் இருப்பதை டிராமுக்குத் தள்ளலாம்; நான் அந்தப் பகுதியை ‘நான்-கேஷபிள்’ (கேஷ் செய்யக் கூடாதது) என்று மாற்றிவிட்டேன், கோடுகள் போய்விட்டன. இனி படிக்கும் வேகம் அடிவாங்கும், அதனால் உங்கள் ரேம் நகலை இந்த வாரமே சேர்க்கிறேன்.